மெஷினுக்குத் தெரிந்த என் ரத்தம்

உனக்கு என்ன வியாதிப்பா என்று யார் கேட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சொல்லத் தெரிந்தால் சொல்லிவிட மாட்டேனா? ஊரில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டீக்கடையில் மஞ்சக்காமாலை என்கிறார்கள். கரும்பு வெட்டுகிற ஆட்கள் கறுப்பு மூத்திரம் என்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர், பையனுக்குக் கம்ப்யூட்டரால் வந்த வியாதி என்று ஜெயங்கொண்டம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கம்ப்யூட்டரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. மெட்ராஸில் ஏதோ ஒரு குளுகுளு அறையில் இருக்கிறதாம். அது அங்கே, நான் இங்கே. நடுவில் இவ்வளவு வம்பு எப்படி வந்தது என்று ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவர்களிடம் இதை நீட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதுகிற எனக்கே சில இடங்கள் இன்னும் பிடிபடவில்லை. அதையும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் ராமசாமி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன், ஏனென்றால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது என் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் அம்மாவுக்கு நான் சின்னதொரை. அம்மாவைப் பார்த்து வீடும் தெருவும் சின்னதொரை. அதே வீட்டில் பெரியப்பா மகன் பெரியதொரை இருக்கிறான். என்னைவிடச் சில மாதம் மூத்தவன், அவ்வளவுதான். அவனுடைய அம்மாவும் என் அம்மாவும் உடன்பிறந்த அக்கா தங்கச்சி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீட்டில் பெண் எடுத்தார்கள். என் அப்பா போனபிறகும் ஒரே அடுப்புதான்.

எனக்கு வியாதி வந்த வருஷம் அரவை மும்முரமாக இருந்தது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முறை வரும்வரை டிரெய்லருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக் கிடப்போம். கொசு பிடுங்கி எடுக்கும். ஒருநாள் உச்சி வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. குளிர் என்றால் சாதாரணக் குளிர் இல்லை, பல்லோடு பல் அடித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அனல் மாதிரி காய்ச்சல், அப்புறம் குளித்தாற்போல் வியர்வை, அப்புறம் ஒன்றுமே இல்லை. அடுத்த நாள் நன்றாக இருந்தேன். அதற்கடுத்த நாள் மறுபடி அதே நேரத்துக்கு அதே குளிர்.

அரியலூரில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து மலேரியா என்றார்கள். மருந்து இரண்டு வகை. பெரிய வெள்ளை மாத்திரை ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் ஈரலுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தூங்குமாம். அதுகளைக் கொல்ல ஒரு சின்ன மாத்திரை, அதை இரண்டு வாரம் தினமும் போட வேண்டும். எனக்கு அப்போது இது நன்றாகவே புரிந்தது. என் வியாதியில் எனக்குக் கடைசியாகப் புரிந்த விஷயம் அதுதான்.

வெள்ளை மாத்திரையில் காய்ச்சல் நின்றது. சின்ன மாத்திரையை ஆரம்பித்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வரப்போரம் ஒதுங்கியவன் பயந்துபோய் அப்படியே நின்றுவிட்டேன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகிறது. கண்ணாடியில் பார்த்தால் கண் மஞ்சள். அம்மா பார்த்த உடனேயே காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துவிட்டு, சூடு கிளப்புற மாத்திரையெல்லாம் வேண்டாம் என்று அதைத் தூக்கி உத்திரத்தில் செருகிவிட்டாள். இரண்டு நாள் கழித்து டிராக்டரில் ஏறப்போனவன் ஏற முடியாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. காதுக்குள் ஆலை ஓடுகிற சத்தம். பெரியதொரைதான் என்னை அப்படியே வாரிப் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குக் கொண்டுபோனான்.

பெரம்பலூரில் நான் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத விரும்பவில்லை. அங்கே யாரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் முகத்தை எப்போதும் கடுகடுவென்று வைத்திருப்பார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மருந்துக்குக்கூடச் சிவப்பில்லை. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிக்கும் கீழேதான் இருக்கிறது என்றார். காயம் இல்லை, வாந்தி இல்லை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை, பிறகு ரத்தம் எங்கே போயிற்று? டாக்டர் சொன்னார், உள்ளேயே உடைந்து சிறுநீரில் போகிறது என்று. ரத்தம் உடையுமா? சட்டியா அது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். பெரியதொரை கையை நீட்டினான், என் ரத்த வகையும் அவன் ரத்த வகையும் சேர்ந்தது. அங்கே ஒரு கூத்து நடந்தது. புட்டியில் சீட்டு ஒட்டுவதற்காக நர்ஸ் அவனிடம் பெயர் கேட்டிருக்கிறார். க. ராமசாமி என்றிருக்கிறான். பேஷண்ட் பேர் கேக்கலப்பா, உன் பேரைச் சொல்லு என்றிருக்கிறார். அதுதான் என் பேருங்க என்றிருக்கிறான். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்து, விளையாடுறதுக்கு நேரமா இது என்று கத்திவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது எங்களில் வழக்கம். பெரியப்பாவின் மூத்தவன் அவன், அப்பாவின் மூத்தவன் நான். பெரியப்பா கந்தசாமி, அப்பா கலியபெருமாள். ஆக இரண்டு பேரும் க. ராமசாமி. வீட்டில் அந்தப் பெயரே புழங்காததால் இது ஒரு விஷயம் என்று எங்களுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நர்ஸ் கடைசியில் சீட்டில் சின்ன, பெரிய என்று எழுதிக் காரியத்தை முடித்தார்கள்.

அவன் ரத்தம் சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்குவதைப் பார்த்தபடி படுத்திருந்தேன். பக்கத்தில் அவன் காப்பி குடித்துக்கொண்டு, இனிமே நான் என்ன சொன்னாலும் நீ கேப்ப பாரு என்றான். சிரிக்கத் தெம்பில்லை. ஆனால் ஒரு கேள்வி எனக்குள் உட்கார்ந்துவிட்டது. என் ரத்தம் எனக்குள்ளேயே உடைந்து போகிறது, அவன் ரத்தம் உடையாமல் ஓடுகிறது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே கிணற்றுத் தண்ணீர். அப்படியானால் என் ரத்தம் யாரிடமிருந்து வந்தது? அம்மாவிடம் இதையே கேட்டுக் கேட்டு அவளை வதைத்தேன். சும்மா படுடா என்பாள்.

அப்புறம் சோதனைகள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம், மாலையில் சிறுநீர், நடுவில் ஈரலுக்கு ஒன்று, சிறுநீரகத்துக்கு ஒன்று. காத்திருக்கும் இடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் என் வியாதி என்னவென்று தெரிந்திருந்தது, எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியவில்லை. பெரியம்மா ஊரிலிருந்து தினம் ஒரு பஸ்ஸைப் பிடித்துத் தூக்கில் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப்போகும். என் வண்டியைப் பெரியதொரை ஓட்டினான், அவன் கொல்லையைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு எப்படி ஆகிறது என்று நான் கேட்டபோதெல்லாம் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். அதில் எனக்கு வருகிற அழுகையை அடக்க, கஞ்சியில் உப்பில்லை என்று பெரியம்மாவிடம் சண்டை போட்டேன்.

டாக்டருக்கு அந்தச் சின்ன மாத்திரை மேல் சந்தேகம். ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் சிவப்பணு என்று கோடிக்கணக்கில் மிதக்கிறது. ஒவ்வொன்றும் மெல்லிய தோலால் ஆன ஒரு பை. சில மருந்துகள் பட்டால் அந்தத் தோல் நைந்துபோகும். நையாமல் காப்பதற்கு உள்ளே ஒரு என்சைம் இருக்கிறது. ஆயிரம் வேலைக்கு ஆயிரம் என்சைம், அதில் இது ஒன்று. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைச்சலாக இருக்கும். சாதாரணமாக ஒன்றும் தெரியாது, கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள். இந்த மாத்திரையைப் போட்டால் மட்டும் பைகள் பொலபொலவென்று உடையும்.

அதைச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றேன். இப்போது பார்த்துப் பயனில்லை என்றார். குறை உள்ள பழைய அணுக்களெல்லாம் உடைந்து போய்விட்டன, இப்போது இருப்பது புதிதாக ஊறியது, அதில் என்சைம் கூடுதலாகத்தான் காட்டும். போதாததற்கு உனக்குள் ஓடுவதில் பாதி உன் அண்ணன் ரத்தம், அவனைத்தான் சோதித்ததாக ஆகும் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் கையில் ஊசி போட்டு எடுத்தால் அது நான் இல்லையாம்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. முந்தின வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு ஒரு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்கள். நானும் போனேன், பெரியதொரையும் போனான். எதற்கு எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த என்சைமைப் பார்க்கத்தானாம். நான் நல்லபடியாக இருந்தபோது எடுத்த ரத்தம், முழுக்க என்னுடைய ரத்தம். அதன் முடிவு அங்கே இருக்கும்.

டாக்டர் மெட்ராஸுக்குப் போனில் டிரங்கால் போட்டார். மறுநாள் பதில் வந்தது. இந்தக் கிராமம், இந்தக் கதவு எண், க. ராமசாமி, வயது இருபத்து நாலு, என்சைம் சரியாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்களாம்.

டாக்டர் முகம் தொங்கிப்போயிற்று. மாத்திரை குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டது. வேறு என்ன? பாம்பு கடித்ததா, எலி மூத்திரம் பட்ட தண்ணீரில் இறங்கினாயா, வேறு பச்சிலை எதையாவது தின்றாயா என்று கேட்டுத் துளைத்தார். கீழாநெல்லியைச் சொன்னதும் அம்மாவை ஒரு முறை முறைத்தார். இதற்கிடையில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்து, எழுந்து நடக்கிற நேரத்தில், ஒரு மத்தியானம் மறுபடி அந்தக் குளிர் வந்தது. கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். ஈரலில் தூங்கியது எழுந்து வந்துவிட்டது. சின்ன மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதன் பலன் இது, வெள்ளை மாத்திரை முடிந்ததும் சின்ன மாத்திரையை முழுசாகக் கொடுத்துத் தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா அவர் காலில் விழாத குறை. அந்த மாத்திரைதாங்க எம் மவனைக் குடிச்சுது, அதைக் குடுக்காதீங்க என்று கெஞ்சினாள். டாக்டர் கோபப்படவில்லை, அது ஒன்றுதான் நல்லது. அவர் இடத்தில் நான் இருந்தால் கோபப்பட்டிருப்பேன். கோபப்படவும் செய்தேன். அவ்வளவு பெரிய மெஷின் சொல்கிறது, உனக்கு என்ன தெரியும் என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். மெஷின் சொன்னது சரி என்றால் மாத்திரை போட்டுப் பிழைப்பேன். அம்மா சொல்வது சரி என்றால் இந்தத் தடவை பெரியதொரையின் ரத்தம் ஒரு புட்டி போதாது, செத்துப்போவேன். இரண்டில் எது என்று கேட்டு அறிய ஆள் இல்லை.

சின்ன மாத்திரையைத் தொடங்க வேண்டிய அன்று காலையில் அந்த ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா வந்தார். பெயர் நிர்மலா. முப்பது வயது இருக்கும், நூல் புடவை, தோளில் ஒரு பை, பஸ்ஸில் வந்த புழுதி. அரியலூரில் மறுபடி தங்கியிருந்த குழுவோடு சேர்ந்துகொள்ள மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். மெட்ராஸில் டாக்டரின் டிரங்காலை எடுத்துப் பதில் சொன்னதும் இவர்தான். கம்ப்யூட்டருக்கு எப்படி எப்படிக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறவர். எங்கள் வார்டில் அதற்குள் அவருக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டாக்டர் வார்டு சுற்றி வரும்வரை அவர் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு ஆளின் ரத்தத்துக்கும் ஒரு அட்டை. தபால் கார்டைவிடக் கொஞ்சம் நீளம், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். எந்த இடத்தில் ஓட்டை என்பதை வைத்து பெயர், ஊர், வயது, ரத்தத்தில் என்ன இருந்தது எல்லாம் மெஷினுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான அட்டைகளை மனிதர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வருஷக்கணக்காகும். மெஷின் விழுங்கிவிட்டு, எந்த ஊரில், எந்தக் குடும்பங்களில் இந்தக் குறை அதிகம் என்று பிரித்துச் சொல்லிவிடும். அதை வைத்துத்தான் எந்த ஊருக்கு இந்த மாத்திரையைச் சோதிக்காமல் கொடுக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லப்போகிறார்கள். குறை இல்லை என்று மெஷின் சொன்ன ஆளுக்கு இப்படி ஆயிற்று என்றால் மொத்தக் கணக்கும் சந்தேகமாகிவிடும், அதனால்தான் நேரில் பார்க்க வந்தேன் என்றார். எனக்குப் பாதி புரிந்தது. என்னைப்பற்றி ஒரு அட்டை இருக்கிறது, அதில் ஓட்டை ஓட்டையாக நான் இருக்கிறேன் என்பது மட்டும் கேட்கவே ஒரு மாதிரி இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அசதி வந்து கண்ணை மூடிக்கொண்டேன். காது மட்டும் கேட்டது. அவர் அட்டையில் இருப்பதைச் சரிபார்க்க அம்மாவிடம் திரும்பினார். உங்க மகன் பேர் என்னம்மா என்று கேட்டார். அம்மா பேசவில்லை. மறுபடி கேட்டார். அதைத்தான் நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே என்றாள். எழுதி வைத்தது சரியா என்றுதான் கேட்கிறேன் என்றார் அவர், கொஞ்சம் கடுப்போடு. எதையோ மறைக்கிறாள் என்று நினைத்திருப்பார் போல.

"அது எங்க மாமனார் பேருங்க. நான் எப்புடிங்க வாயால சொல்றது?"

பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே ராமசாமி என்றார். அம்மாவுக்கு உயிர் வந்தது.

"அதாங்க. எங்க வூட்ல மூத்த புள்ளைங்க ரெண்டுக்கும் அந்தப் பேருதான். எங்கக்கா மவனுக்கும், இவனுக்கும்."

நான் கண்ணைத் திறந்தேன். நிர்மலா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் அப்பா பெயருக்கு முதல் எழுத்து என்ன? க, முழுப் பெயர் கந்தசாமி என்றேன். உன் அப்பா? கலியபெருமாள். இரண்டு பேரும் ஒரே வீடா? ஒரே கதவுதான். அவன் வயது? ரத்தம் எடுத்த வருஷம் அவனுக்கும் இருபத்து நாலுதான். அவனும் ரத்தம் கொடுத்தானா? எனக்கு முன்னால் நின்றதே அவன்தான் என்றேன். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அந்த விஷயத்தில் எனக்குத்தான் நல்ல அனுபவம் ஆயிற்றே.

அப்போது நர்ஸ் என்னிடம் வந்து மாத்திரையும் தம்ளர் தண்ணீரும் நீட்டினார்.

"அதைக் குடுக்காதீங்க," என்றார் நிர்மலா. கையை நீட்டி நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வந்தார். என்ன அதிகாரத்தில் தடுக்கிறீர்கள் என்றார். அதற்கு அந்த அம்மா சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எல்லாம் அந்த முட்டையால் வந்ததாம். முட்டையும் பழமும் கொடுத்ததால் சில ஊர்களில் ஒரே ஆள் இரண்டு தடவை வந்து கை நீட்டியிருக்கிறான். ஒரே ரத்தம் இரண்டு அட்டையாக ஏறினால் கணக்குத் தப்பாகும். அதனால் ஊர், கதவு எண், பெயர், வயது எல்லாம் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள், முதல் அட்டையை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கழித்துவிடு என்று மெஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான்தான் டாக்டர் அப்படி எழுதினேன் என்றார். அட்டையில் அப்பா பெயரை முழுசாகப் போட இடமில்லை, முதல் எழுத்து மட்டும்தான்.

பெரியதொரை முன்னால் நின்றான், அவன் அட்டை உள்ளே போயிற்று. நான் பின்னால் நின்றேன், முட்டைக்கு ஆசைப்பட்டு இரண்டாம் தடவை வந்த பெரியதொரை என்று மெஷின் என்னைக் கழித்துவிட்டது. மெஷினுக்குத் தெரிந்த என் ரத்தம் அவனுடைய ரத்தம். எனக்குள் ஏற்றியதும் அவனுடைய ரத்தம். நான் என்று ஒருத்தன் அந்த மெட்ராஸ் அறையில் பிறக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த முட்டையை நான் முழுசாகக்கூடத் தின்னவில்லை, பாதி பெரியதொரைதான் பிடுங்கித் தின்றான்.

கழித்த அட்டைகளைத் தூக்கி எறிந்தாயிற்றா என்று டாக்டர் கேட்டார். எறியவில்லை, கட்டிப் பீரோவில் வைத்திருக்கிறோம் என்றார் நிர்மலா. டாக்டருடைய அறையிலிருந்து அவரே டிரங்கால் போட்டு, மெட்ராஸில் தன்னுடன் வேலை பார்க்கும் ஒருவரைத் தேடச் சொன்னார். அன்று முழுக்க அவர் போனுக்கும் என் கட்டிலுக்கும் நடையாய் நடந்தார். மத்தியானம் பெரியம்மா கஞ்சி கொண்டுவந்தபோது அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தது. அவர் குடித்தார். உப்பில்லை என்று சொல்லவில்லை.

சாயங்காலம் மெட்ராஸிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கழித்த அட்டைக் கட்டுக்குள் என் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். என்சைம் குறைவு. மிகவும் குறைவு. டாக்டர் என் கட்டில் அருகே வந்து நின்று, இனிமேல் இந்தச் சின்ன மாத்திரையை நீ வாழ்நாளில் தொடக்கூடாது, காய்ச்சல் திரும்பி வந்தால் வெள்ளை மாத்திரையால் அடக்கிக்கொள்ளலாம் என்றார். பிறகு, அம்மா பக்கம் திரும்பாமலே, நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் பிழைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே வெகுநேரம் ஆயிற்று. அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவளிடம் எரிந்து விழுந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் குழப்பம் அத்தோடு விட்டதா? மறுநாள் நிர்மலா ஊருக்குக் கிளம்புமுன் வந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு என் பழைய கேள்வியைக் கேட்டேன். ஒரே வீட்டில் அவனுக்கு இல்லாதது எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அவர் கொஞ்சம் தயங்கினார். இந்தக் குறை ஆண் பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து வருவதில்லை, அம்மாவிடமிருந்து வருவது என்றார். அம்மாவின் உடம்பில் அது பெரும்பாலும் வெளியே தெரியாமலே இருக்கும். அவளுக்குப் பிறக்கும் மகன்களில் ஒருவனுக்கு வரும், ஒருவனுக்கு வராது, அது அதிர்ஷ்டம் மாதிரி. பெரியம்மாவிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கச்சியிடமும் இருக்கலாம், அவளுடைய கைக்குழந்தைக்கும் வந்திருக்கலாம். அதனால் இனிமேல் ஆளுக்கு இன்னொரு அட்டை சேர்த்து அதில் அம்மா பெயரையும் ஓட்டை போடப் போகிறோம், அப்படிப் போட்டால் இரண்டு ராமசாமிகளை மெஷின் ஒன்றாக்காது, குறை எந்த வழியில் இறங்குகிறது என்பதையும் அதுவே பின்தொடரும் என்றார். அம்மாவின் ரத்தம் கொஞ்சம் கிடைத்தால் நல்லது என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. எதிரே அம்மா பேயறைந்தவள் மாதிரி நின்றிருந்தாள். அதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்த அன்று ஊசிக்குப் பயந்து சோளக்கொல்லைக்குப் போய் ஒளிந்துகொண்டவள் அவள். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அதெல்லாம் வேண்டாம், எங்கம்மாவை விட்டுவிடுங்கள், இத்தோடு போதும் என்றேன். நிர்மலா சரி என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏம்மா, எங்கிட்ட எடுத்துப் பாத்தா, இது எங்கிட்டேருந்துதான் இவனுக்கு வந்துச்சின்னு ஆயிடுமா?"

நிர்மலா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, ஆமாம்மா என்றார்.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையைத் தோளில் ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

"அப்ப எடுங்க. வந்த நாள்லேருந்து தன் ரத்தம் யாருது, எங்கேருந்து வந்துச்சின்னு கேட்டுக் கேட்டு அரண்டு போயிக் கெடக்கான். ஆத்தாகிட்டேருந்துதான்னு தெரிஞ்சா தூங்குவான்."

ஊசி ஏறும்போது அவள் கையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.